நாலு நாள், ஒன்பது பேர்: கொங்கு நாட்டில் ஒரு மலையும் வழியில் இருக்கும் பழைய இடங்களும்

நீங்கள் கேட்டது இதுதான்: சென்னையிலிருந்து ஒன்பது பேர், அதில் அறுபது தாண்டியவர்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், ஈரோட்டில் காலையில் ரயில் இறங்குகிறீர்கள், நாலு நாள் கையில் இருக்கிறது. மலையும் வேண்டும், கோட்டை, பழைய கோயில் மாதிரி சரித்திரமுள்ள இடங்களும் வேண்டும். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை நாலையும் ஒரு சுற்றில் போட முடியுமா, பெரிய ட்ராவலர் வண்டி எடுக்கலாமா என்று.

போட முடியும். நாலு நாளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கத் தயார் என்றால். ஒவ்வொரு மலையும் ஏற ஒன்றரை மணி, இறங்க ஒன்றரை மணி, அடுத்த மலையடிவாரம் போய்ச் சேர அரை நாள். பிள்ளைகள் பாதி வளைவில் வாந்தி எடுப்பார்கள், பெரியவர்கள் மூன்றாம் நாள் "நாங்க ரூம்லயே இருக்கோம்" என்று சொல்லிவிடுவார்கள். டூர் கம்பெனிக்காரர்கள் நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றி அப்படித்தான் சுற்றிக் காட்டுகிறார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒன்பது பேர் அந்தப் பாடு படத் தேவையில்லை.

என் யோசனை: ஒரே ஒரு மலை, அதில் இரண்டு ராத்திரி தங்கல். அந்த மலைக்குப் போகிற வழியிலேயே பழைய இடங்களைப் பார்த்துக்கொண்டு போவது. ஈரோட்டில் இறங்குகிறவர்களுக்கு முதல் நாள் தென்மேற்கே ஒரு சுற்று, அப்புறம் கிழக்குப் பக்கம் போவதுதான் இதற்கு வாகு. விஜயமங்கலம், அரச்சலூர், திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல், அப்புறம் கொல்லிமலை. எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கிற ஊர்கள். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலிருந்து 1805 வரைக்கும் ஒரு வரிசையாகப் பார்த்துவிடலாம்.

வண்டியை முதலில் முடிவு பண்ணுங்கள். பன்னிரண்டு சீட் ட்ராவலர் கொல்லிமலை ஏறும், பஸ்ஸே ஏறுகிறது. ஆனால் நான் இரண்டு கார்தான் எடுக்கச் சொல்வேன். சங்ககிரியில் இளவட்டங்கள் கோட்டை மலை ஏறும்போது பெரியவர்கள் கீழே மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருக்க முடியாது, ஒரு கார் அவர்களைத் திருச்செங்கோடு கூட்டிப்போய்விடும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியிலும் இதே கதைதான். அதுபோக ட்ராவலரின் கடைசி சீட் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆட்டம் ஆடும் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். வாடகை கொஞ்சம் கூடும், ஒன்பது தலைக்குப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. பேசும்போதே மலைக்குத் தனி பேட்டா உண்டா, டிரைவர் தங்க அறை யார் பொறுப்பு, கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். தகராறு வருவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

முதல் நாள். ரயில் இறங்கி, குளித்து, சாப்பிட்டுக் கிளம்ப எப்படியும் ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் கோட்டை ஏறக்கூடாது, வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் நேரே விஜயமங்கலம் போங்கள். மேட்டுப்புதூர் என்று கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே இருப்பது எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரபிரபருக்கான சமணக் கோயில். கொங்கு நாட்டில் சமணம் எவ்வளவு வேர்விட்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெருங்கதை என்ற காப்பியம் பாடிய கொங்குவேளிரின் ஊர் இதுதான் என்பார்கள். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை எழுப்பினாரே சாமுண்டராயர், அவருடைய தங்கை உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் தூண் ஒன்று இங்கே நிற்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்துக்கும் கொங்குக்கும் இருந்த போக்குவரத்து இதிலிருந்தே புரியும். பல நேரம் கதவு பூட்டியிருக்கும், பார்த்துக்கொள்கிறவர் பக்கத்திலேயே இருப்பார், அக்கம்பக்கத்து வீட்டில் கேட்டால் கூப்பிட்டு விடுவார்கள். ஏழெட்டுப் பேர் போய்ப் பணிவாகக் கேட்டால் திறந்து நின்று காட்டுவார்கள். ஒரு பஸ் கூட்டம் போய் இறங்கினால் அந்த மரியாதை கிடைக்காது.

அங்கிருந்து அரச்சலூர். ஊருக்குப் பக்கத்தில் நாகமலை என்று ஒரு குன்று, அதிலுள்ள பாறைக் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போகிற பாதிப் பேர் "இதுக்கா வந்தோம்" என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. பாறையில் கீறின மாதிரி எழுத்துகள், அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்துகள் ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து என்று கட்டம் போட்டதுபோல அமைந்திருக்கின்றன. "த தை தா தை த" என்று முதல் வரி தொடங்கும். இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றேதான் வரும். ஆடலுக்கான சொற்கட்டு. பக்கத்திலேயே எழுத்தைச் சேர்த்தவன் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பேரும் போட்டிருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன், மணி, காசு இவற்றை நோட்டம் பார்ப்பவன். ஆக, பொன்னும் மணியும் நோட்டம் பார்த்த ஒருத்தர் இந்தக் குன்றில் ஏறி ஆட்டத்துக்கான தாளத்தைப் பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதினாறு நூற்றாண்டுக்குக் குறையாது.

ஒரு டார்ச் லைட் எடுத்துப் போங்கள். பாறைக்கு நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் அதன்மேல் போடாதீர்கள். பாதை முள்ளும் கல்லுமாக இருக்கும், போர்டு பெரிதாக இல்லை, ஆடு மேய்ப்பவர்கள் யாரையாவது கேட்டால் கையைக் காட்டுவார்கள். பெரியவர்கள் அடிவாரத்தில் இருந்துவிடட்டும். பரதம் கற்கும் பிள்ளை யாராவது கூட வந்தால் இந்த ஒரு இடத்துக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லும்.

கிட்டத்திலேயே ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டிக்கொண்டு வெள்ளைக்காரனை எதிர்த்த இடம். கோட்டையை ஆங்கிலேயர் பீரங்கி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், இப்போது இருப்பது அரசு கட்டிய மணிமண்டபம். பார்க்க கால் மணி நேரம் போதும், ஆனால் தவறவிடாதீர்கள், அடுத்த நாள் சங்ககிரி ஏறும்போது இது தேவைப்படும். 1756-இல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்தவர், திப்புவோடு சேர்ந்து போரிட்டவர், திப்பு 1799-இல் விழுந்த பிறகும் விடாமல் காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர் என்று மோதிக்கொண்டே இருந்தவர். பிள்ளைகளுக்கு வண்டியில் போகும்போதே சொல்லி வைத்தால் மறுநாள் மலை ஏறச் சிணுங்க மாட்டார்கள்.

சாயங்காலம் ஈரோடு வழியாகக் காவிரியைத் தாண்டிப் பள்ளிபாளையம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பள்ளிபாளையம் சிக்கனை அது பிறந்த ஊரிலேயே சாப்பிட்டுவிடலாம்: சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, இவ்வளவுதான், மசாலாப் பொடி போட்டால் அது வேற ஏதோ. ராத்திரி தங்கல் திருச்செங்கோட்டில். போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் தலைநகரம் அது, நாடு முழுக்கப் போய்த் துளை போடுகிற வண்டிகள் இந்த ஊர் நம்பர்களைத்தான் தாங்கியிருக்கும். வியாபார ஊர் என்பதால் தங்க லாட்ஜுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாம் நாள்தான் கனமான நாள். இளவட்டங்கள் ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு மணிவாக்கில் சங்ககிரி அடிவாரத்தில் இருக்க வேண்டும். அந்தக் காரில் ஐந்து பேர், மற்றவர்கள் ஏழு மணிக்கு எழுந்து திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரரைப் பார்க்கட்டும். மலைக்கோயில்தான், ஆனால் உச்சிவரை கார் போகும் ரோடு இருக்கிறது. சம்பந்தர் "அவ்வினைக்கு இவ்வினை" என்று திருநீலகண்டப் பதிகம் பாடின தலம். படி வழியில் இறங்க முடிந்தவர்கள் பாறையில் செதுக்கின பெரிய ஐந்தலை நாகத்தையும் அறுபதாம் படியையும் பார்க்கலாம். அந்த அறுபதாம் படியில் நின்று செய்யும் சத்தியத்துக்கு அந்தக் காலத்தில் பஞ்சாயத்திலும் வழக்கிலும் மதிப்பு இருந்தது.

சங்ககிரிக்கு வருவோம். கொங்கு நாட்டில் கோட்டை என்று சொல்லிப் பார்க்க இது ஒன்று இருந்தால் போதும். வழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கல் வாசல்கள், ஒவ்வொன்றும் அதற்கு முந்தின காலத்துக்காரர் கட்டினதில் அடுத்தவர் ஒட்டுப்போட்டது, சில இடத்தில் செங்கல் மதில் கருங்கல் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். விஜயநகரம், மைசூர், திப்பு, கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி என்று எல்லார் கையும் பட்ட இடம். மேலே பெருமாள் கோயில், ஒரு தர்கா, கிடங்குகள், மழைத்தண்ணீர்ச் சுனைகள். படி பல இடங்களில் உயரமாக, தேய்ந்து வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நிதானமாக ஏறி இறங்கி மூன்று மணி நேரம். குடிக்கத் தண்ணீர் மேலே கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கொண்டுபோங்கள்.

சின்னமலையையும் அவர் தம்பிகளையும் 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிட்டது இங்கேதான். சமையல்காரரே காட்டிக்கொடுத்தார் என்பது ஊர் முழுக்கச் சொல்லும் கதை. அது ஆடிப்பெருக்கு நாள் என்பதால் இன்றைக்கும் ஆடி 18 அன்று சங்ககிரியில் பெருங்கூட்டம் கூடும், கட்சிக்காரர்கள் மாலையோடு வரிசை கட்டுவார்கள். இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடப்பதும் ஆடி 17, 18 தேதிகளில்தான். அதாவது நான் சொல்லும் வழியின் இரண்டு முனையும் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். திருவிழாவே பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்த வாரத்தைத் தொடாதீர்கள்.

ஒன்பதரைக்குள் இறங்கி, சிற்றுண்டி முடித்து, இரண்டு காரும் பதினொன்றுக்குள் நாமக்கல்லில் சேர வேண்டும், ஏனென்றால் ஒரு மணிக்குமேல் சன்னதி சாத்திவிட்டால் மறுபடி சாயங்காலம்தான். லாரியும் முட்டையும்தான் நாமக்கல் என்று நினைத்துக்கொண்டு பைபாஸில் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஊர் நடுவில் ஒற்றைப் பாறை, அதன் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரை, மறுபக்கம் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் 8-ஆம் நூற்றாண்டு அதியமான் மரபினர் வெட்டியவை, அரங்கநாதர் கோயிலை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டே சொல்கிறது. நரசிம்மர் சன்னதிக்குள் போனதும் எல்லாரும் நேரே மூலவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பக்கச் சுவர்களைப் பாருங்கள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பூமியைத் தூக்கும் வராகர், காலைத் தூக்கின திரிவிக்கிரமர், எல்லாம் தாய்ப்பாறையிலேயே, தனிக் கல் கொண்டுவந்து ஒட்டியது கிடையாது. தமிழ்நாட்டுக் குடைவரைச் சிற்பங்களில் இதை நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர், மேலே கூரை கிடையாது. கணித மேதை இராமானுஜன் சொல்லிக்கொண்டே இருந்த நாமகிரித் தாயார் இந்த நரசிம்மர் கோயில் தாயார்தான். பாறை உச்சியில் சின்னக் கோட்டை இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெம்பு மிச்சமிருந்தால் ஏறட்டும், சங்ககிரியோடு ஒப்பிட்டால் இது விளையாட்டு.

மதியம் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணியை முழுக்கட்டு கட்டிவிட்டுக் கொல்லிமலையின் எழுபது வளைவு ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளட்டும், முன் சீட்டில் உட்காரட்டும், போனைப் பார்க்க வேண்டாம். பெட்ரோல், பணம் இரண்டையும் நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம்மை நம்பக்கூடாது. காரவள்ளியில் ஏற்றம் தொடங்கும், வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை. எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும், இறங்கும்போது கியரில் இறங்க வேண்டும். இது தெரியாத டவுன் டிரைவரை அழைத்து வராதீர்கள். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். இருட்டும் முன் மேலே இருக்க வேண்டும் என்பது மட்டும் கறாரான விதி, பனி இறங்கிவிட்டால் அடுத்த வளைவே தெரியாது.

மூன்றாம் நாள் முழுக்கக் கொல்லிமலை. கூட்டமும் கடைத்தெருவும் தேடி வருகிறவர்களுக்கு இந்த மலை ஏமாற்றம்தான், ஊட்டி மாதிரி பூங்காவும் சாக்லேட் கடையும் கிடையாது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள், வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும். சரிவெல்லாம் சில்வர் ஓக் மரம், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, அடியில் காப்பி, இடையில் வாழை, பலா, அன்னாசி. புறநானூறு பாடும் வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று வன்பரணர் பாடின ஓரி. செம்மேட்டில் சிலை வைத்திருக்கிறார்கள்.

காலையில் அறப்பளீசுவரர் கோயில், அதற்குப் பக்கத்திலேயே ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள். ஆயிரத்துக்கும் மேலே படி. இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கணக்கு. முட்டிவலி உள்ளவர்களை "மெதுவா வந்துடலாம் வாங்க" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், பாதியில் நின்றுவிட்டால் தூக்கி வர ஆள் கிடையாது. அவர்களுக்கு மாசிலா அருவி, வாசலூர்பட்டி படகு இல்லம், சீக்குப்பாறை காட்சிமுனை, எல்லாம் கார் போகும் இடங்கள். ஆகாய கங்கை முன்னூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது, நல்ல தண்ணீர் இருக்கும்போது கிட்டப் போகவே முடியாமல் சாரல் முகத்தில் அறையும். மழை பெரிதாகப் பெய்தால் வழியை அடைத்துவிடுவார்கள், சித்திரை வைகாசியில் போனால் நூல் மாதிரி சொட்டும். ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து தை வரைக்கும் சரியான காலம், பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படி ஏறி வந்தவர்களுக்கு மேலே முடவாட்டுக்கால் சூப் காத்திருக்கும். ரோமம் மூடிய கிழங்கு, கடை வாசலில் ஆட்டுக்கால்களை அடுக்கின மாதிரியே அடுக்கி வைத்திருப்பார்கள். தோலைச் சீவி, இடித்து, மிளகு சீரகம் பூண்டு போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள். முட்டிவலி போகும் என்பார்கள், அதற்கெல்லாம் நான் உத்தரவாதம் தர மாட்டேன், குளிருக்கு நன்றாக இருக்கும். மிளகு, காப்பிக்கொட்டை வாங்குவதென்றால் சோளக்காட்டுச் சந்தையில் வாங்குங்கள். தேன் வாங்கும்போது கொஞ்சம் உஷார், ரோட்டோரத்தில் பாட்டிலில் நிற்பதெல்லாம் தேன் இல்லை.

நாலாம் நாள் காலையில் சேலூர் நாட்டுக் காட்சிமுனையைப் பார்த்துவிட்டு இறங்கலாம். வந்த வழியே எழுபது வளைவும் மறுபடி வேண்டாம் என்பவர்களுக்கு முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கும் ரோடு இருக்கிறது, வளைவு குறைவு, ராசிபுரம் வழியாகச் சேலம் போய்விடலாம். அதனால் திரும்பும் டிக்கெட்டை ஈரோட்டிலிருந்து போடாமல் சேலத்திலிருந்து போடுங்கள், ஒரு மணி நேரம் மிச்சம்.

மற்ற மலைகள் பற்றி இரண்டு வார்த்தை. வால்பாறை அருமையான இடம்தான், ஆழியாறிலிருந்து நாற்பது வளைவு, அதிர்ஷ்டம் இருந்தால் ரோட்டோரப் பாறையிலேயே வரையாடு நிற்கும், ஆனால் அது கொங்கின் எதிர் மூலை. அதற்குக் கோவை பக்கத்துப் பேரூர்க் கோயிலையும் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்பையும் சேர்த்துத் தனியாக நாலு நாள் வையுங்கள். டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. மொட்டையடித்த மலையைத் தேக்கு நட்டு மீட்டவர், 1933-இல் இறந்தார். "என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்" என்று லத்தீனில் எழுதி வைத்திருக்கிறது, சுற்றிலும் அவர் நட்ட காடு. நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்தும் வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்தும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், கிளம்பும் முன் ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். வடக்கே சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர் வழி புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, இருபத்தேழு வளைவு, ராத்திரியில் வண்டி விடமாட்டார்கள், அதைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும். ஏற்காடு சேலத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். சேலத்தில் ரயில் ராத்திரிதான் என்றால் கடைசி நாள் மதியம் ஏறிப் பார்க்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். வேண்டாங்க. காலையில்தான் ஒரு மலை இறங்கியிருப்பீர்கள்.